சிறிய கார்: ஓராண்டின் வரவும் செலவும்



சென்ற ஆண்டு தைத் திங்களில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு சிறிய கார் வந்து சேர்ந்தது. பள்ளி ஆசிரியனாக முப்பத்து நான்கு ஆண்டுகளைச் சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் கழித்தவன் நான். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொடுத்து அதனை வாங்கினேன். அன்று முதல் பங்கில் பலரும், "வாத்தியாரய்யா, கார் வாங்கலாமா? நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்டு வருகின்றனர். ஓராண்டு கழியட்டும், சொல்கிறேன் என்று நானும் தவணை சொல்லி வந்தேன். ஆண்டு நிறைந்துவிட்டது. குடும்ப வரவு செலவைப் பற்றிப் பேசும் இப்பகுதியிலேயே என் கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். எதனையும் மறைக்கவில்லை. எனக்குப் பெருமை தராத செய்தி ஒன்றும் இதில் உண்டு.

கார் வாங்கியதற்குக் காரணம் இரண்டு. வெளியில் சொன்ன காரணம் என் தாயார். அவருக்கு வயது 82. மாதம் இருமுறை தஞ்சையில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பஸ் படிக்கட்டில் ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. வெளியில் சொல்லாத காரணம், எதிர்வீட்டுக்குக் கார் வந்துவிட்டது என்பது. இவ்விரண்டில் எது பெரிய காரணம் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

சிறிய கார் நம்மிடம் வந்த கதை

நம் தஞ்சைத் தரணியில் ஒரு காலத்தில் கார் என்பது பெரிய மிராசுதார் வீட்டிலோ மருத்துவர் வீட்டிலோ காணக்கூடிய பொருளாக இருந்தது. அம்பாசடரும் பியட்டும் தெருவுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். 1983 டிசம்பர் 14 அன்று, மாருதி நிறுவனம் ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் கூடித் தயாரித்த சிறிய காரின் முதல் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி உரியவரிடம் வழங்கினார். மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சின் அதற்கு. அதன் பிறகுதான் மாதச் சம்பளக்காரரும் காரைப் பற்றி எண்ணிப் பார்க்கத் தொடங்கினர். அந்தக் காரின் உற்பத்தி 2014 சனவரியில் நிறுத்தப்பட்டது. அது தொடங்கி வைத்த பழக்கமோ நிற்கவில்லை.

பின்புறத்தில் தனிப்பெட்டி நீட்டிக்கொண்டிராமல், கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும் கதவையுடைய இவ்வகைக் காரை 'ஹேட்ச்பேக்' என்பர். என்னுடையதும் அவ்வகைதான், கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. நீளம் மூன்றரை மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். பின்னிருக்கையின் சாய்மானத்தை மடக்கிவிட்டால் இரண்டு மூட்டை நெல்லும் ஏறும். தாயாரின் சக்கர நாற்காலியும் ஏறும்.

2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சினும் உடைய பெட்ரோல் கார்களுக்குச் சரக்கு, சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. முன்னரே வாங்கிவிட்ட எனக்கு அதனால் பயனில்லை. இனி வாங்குவோருக்கு உண்டு. ஆயினும் விலை இறங்கியதே என்று வாங்கப் புறப்படுமுன் பின்வரும் கணக்கைச் சற்றுப் பாருங்கள்.

ஓடினாலும் செலவு, நின்றாலும் செலவு

ஓராண்டில் எங்கள் கார் ஓடிய தூரம் 7,200 கிலோமீட்டர். விளம்பரத்தில் சொல்லும் தூரம் நம் ஊர்ச் சாலையில் கிடைப்பதில்லை. லிட்டருக்குச் சராசரி 18 கிலோமீட்டர் கிடைத்தது. ஆகவே 400 லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 40,000 ரூபாய். காப்புறுதிக்கு 8,500. இரண்டு முறை சர்வீஸ் செய்ததற்கு 4,800. எலி கடித்த ஒயர்களை மாற்றியதற்கு 4,200 (இக்கதையைப் பின்னர் சொல்கிறேன்). பஞ்சர், சக்கரச் சீரமைப்பு, வைப்பர் முதலிய சில்லறைச் செலவுகள் 2,500. ஆக மொத்தம் 60,000 ரூபாய். கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது.

இத்துடன் கணக்கை முடித்துவிடுவோர் பலர். ஆனால் ஐந்து இலட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய காரை இன்று விற்கப் போனால், வாங்கிய விலையில் 75,000 ரூபாயாவது குறைத்தே கேட்கிறார்கள். அதுவும் நம் கைப்பணம்தான். அதனையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 19 ரூபாய் ஆகிறது. கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் வட்டியையும் இதன்மேல் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலைக் குறைவு, காப்புறுதி, சர்வீஸ் இம்மூன்றும் வண்டி ஓடாவிட்டாலும் வருகிற செலவுகள். அவற்றை மட்டும் 365 நாட்களுக்குப் பங்கிட்டால், கார் கொட்டகையில் சும்மா நிற்கும் நாளுக்கும் 240 ரூபாய் ஆகிறது. மாதத்திற்கு ஏழாயிரத்துக்கு மேல். மாதத்தில் இரண்டொரு நாள் மட்டுமே கார் தேவைப்படும் குடும்பத்தார், அந்நாட்களில் ஓட்டுநரோடு வாடகைக் கார் எடுத்துக்கொள்வதே சிக்கனம். நம் மாநிலத்தில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கடைத்தெருவுக்குச் சென்று வர என் மனைவி இன்றும் பஸ்ஸையே நாடுகிறாள். "காசில்லாமல் போகிற இடத்துக்குப் பத்தொன்பது ரூபாய் கணக்கில் எதற்கு?" என்கிறாள். கணக்கு வாத்தியாராயிருந்த எனக்கு மறுமொழி இல்லை.

ஆண்டு நிறைவில் மறக்கக் கூடாதவை

புதிய கார் வாங்கும்போது பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்புறுதியை மூன்றாண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் நடைமுறை. அதனால் சிலர், மூன்றாண்டுகளுக்குக் கவலையில்லை என்று இருந்துவிடுகின்றனர். நம் சொந்தக் காரின் சேதத்துக்கான காப்புறுதி பெரும்பாலும் ஓராண்டோடு முடிந்துவிடும். பத்திரத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஆண்டு முழுதும் இழப்பீடு எதுவும் கேட்காதிருந்தால், அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் சொந்தச் சேதப் பகுதிக்கு 20 விழுக்காடு சலுகை உண்டு. சிறு கீறலுக்கெல்லாம் இழப்பீடு கேட்டு இச்சலுகையை இழந்துவிடாதீர்கள். ஆண்டு நிறைந்ததும் புகைச் சான்றிதழும் வாங்கியாக வேண்டும். முதல் ஆண்டில் அது தேவைப்படாததால் பலரும் மறந்துவிடுகின்றனர்.

நெல்லும் நீரும் எலியும்

தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் பதின்மூன்று கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். ஆறுகளும் வாய்க்கால்களும் நிறைந்த இந்நாட்டில் உட்சாலைகள் பெரும்பாலும் கரைமேல் போடப்பட்டவை, அகலம் குறைவு. ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் வயல், பல இடங்களில் தடுப்புச் சுவரும் இராது. எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கவும், வழி தவறினால் திரும்பவும் சிறிய காரே தோது. இவ்வகையில் என் தேர்வு தவறாகவில்லை.

அறுவடைக் காலத்தில் சாலையெல்லாம் நெல் காய்கிறது. தொடக்கத்தில் எனக்கு இது எரிச்சலூட்டியது. காரில் போகிறவனுக்கு வருகிற எரிச்சல் அது. பஸ்ஸில் போனபோது எனக்கு வந்ததில்லை. இயந்திரம் அறுத்த நெல்லில் ஈரம் மிகுதி. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுப்பதில்லை என்பது பொது விதி. மழை மிகுந்த பருவங்களில் மத்திய அரசின் அனுமதி பெற்றுத் தளர்த்துவதுண்டு. களம் இல்லாத உழவர் தார்ச்சாலையை விட்டால் வேறெங்கே போவார்? ஆகவே வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போவதே முறை. வைக்கோல் பரப்பிய இடத்தில் மட்டும் அதன்மேல் நிறுத்தாதீர்கள். காரின் அடிப்புறத்துப் புகைக்குழாய் கடுமையாகச் சூடேறும். காய்ந்த வைக்கோல் அதில் சிக்கினால் தீப்பற்றும்.

ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால் காத்திருங்கள் அல்லது வேறு வழியில் செல்லுங்கள். எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியாகத் தண்ணீர் புகுந்தால் வண்டி நின்றுவிடும். நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயன்றால் எஞ்சினின் உள்ளுறுப்புகள் வளைந்து பெருஞ்செலவில் முடியும். தேங்கிய நீரைக் கடந்து வந்தால், மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை இரண்டு மூன்று முறை இலேசாக அழுத்தி அதன் ஈரத்தைப் போக்குங்கள்.

இனி எலிக் கதை. வயலில் தண்ணீர் ஏறினால் எலி மேட்டை நாடும். எங்கள் கொட்டகையோ வயலை ஒட்டியது. ஓட்டி நிறுத்திய எஞ்சினின் கதகதப்பில் ஒரு குடும்பமே குடியேறி, ஒயர்களைக் கடித்துவிட்டது. காலையில் சாவியைத் திருப்பினால் ஓசையே இல்லை. அன்று முதல் வாரம் இருமுறை பானெட்டைத் திறந்து பார்க்கிறேன்; கொட்டகையில் வைக்கோலும் சாக்கும் வைப்பதில்லை.

அயலார் என்ன நினைப்பர்?

இதுவரை சொன்னது பணக் கணக்கு. வேறொரு கணக்கும் உண்டு.

எங்கள் வீட்டிலிருந்து கோவிலுக்கு அரைக் கிலோமீட்டர்தான். கார் வந்த புதிதில் ஞாயிறு திருப்பலிக்குக் குடும்பத்தோடு காரிலேயே சென்றோம். இரண்டு மாதம் சென்றிருக்கும். வழக்கமாக எங்களோடு நடந்து வரும் மூதாட்டி ஒருவர் கோவில் வாசலில் என்னைப் பார்த்து, "வாத்தியாரய்யா, ஊரிலே இல்லீங்களா? பார்த்து ரொம்ப நாளாச்சே!" என்றார். வாரந்தோறும் நான் அவரைக் கடந்துதான் போயிருக்கிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டு போனவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் முதல் நாங்கள் மீண்டும் நடக்கிறோம். தாயாரைக் காரில் அழைத்துச் செல்லும் நாளில், நடக்க இயலாத முதியோர் வேறு இருவரையும் ஏற்றிக்கொள்கிறோம்.

அவசரத்துக்குக் காரைக் கேட்டு வருவோர் உண்டு. காய்ச்சல் கண்ட குழந்தை, பிரசவம், வெளியூரில் துக்கம் என்றால் நான் மறுப்பதில்லை. "பெட்ரோல் காசு வாங்கிக்குங்க ஐயா" என்று வற்புறுத்தினாலும் வாங்குவதில்லை. அதற்குக் காரணம் தாராளம் மட்டுமன்று. வெள்ளை எண்பலகையுள்ள சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. அவ்வாறு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். அவசரமில்லாத காரியத்துக்குக் கேட்டால், இயலாது என்பதைப் பணிவோடு சொல்லிவிடுகிறேன். முதலில் தயங்கினேன். உள்ளத்தில் முணுமுணுத்துக்கொண்டு உதவுவதைவிட, முகம் பார்த்து 'இன்று முடியாது' என்று சொல்வது நல்லது என்பதைக் கற்றுக்கொண்டேன்.

அந்த இரவு

சென்ற குறுவை அறுவடையின்போது நடந்தது இது. வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து கூட்டம் குறைந்த பின்னர், நான், தாயார், மனைவி மூவரும் மாதா கோவிலுக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஓர் உறவினர் வீட்டில் உணவருந்திவிட்டு, ஆற்றங்கரை உட்சாலை வழியாக வந்தோம். மணி ஒன்பதிருக்கும். சாலையின் ஒரு பாதியில் நெல் குவித்துப் படுதா போட்டிருந்தனர். படுதா பறந்துவிடாதிருக்க ஓரத்தில் கருங்கற்களை வைத்திருந்தனர். அக்கற்களில் ஒன்றில் மோதி, மோட்டார் சைக்கிளோடு ஓர் இளைஞர் விழுந்து கிடந்தார்.

எனக்கு முன்னே சென்ற இரண்டு கார்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு விலகிச் சென்றன. நானும் ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினேன். என் மனத்தில் அப்போது ஓடியவற்றை மறைக்காமல் சொல்கிறேன்: போலீஸ், கோர்ட்டு, சாட்சி, அத்துடன், முந்திய மாதம் போட்ட புதிய இருக்கை உறை. என் கால் பிரேக்குக்குப் போகவில்லை.

முன்னிருக்கையில் அமர்ந்திருந்த தாயார் என் தோளைத் தொட்டார். "நிறுத்துப்பா. மாதாவைப் பார்த்துட்டுத்தானே வர்றோம்?"

நிறுத்தினேன். இளைஞர் நினைவோடிருந்தார், பேசினார். கழுத்திலும் முதுகிலும் வலியில்லை என்றார். முழங்காலுக்குக் கீழே கிழிந்து இரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. 108க்குப் பேசினோம். ஆம்புலன்ஸ் வந்து சேர அரை மணி நேரமாகும் என்றும், அரசு மருத்துவமனைக்கு அங்கிருந்து பத்து நிமிடமே என்றும் தெரிந்தது. அவர்களிடம் சொல்லிவிட்டு, சுத்தமான துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்தி, அக்கம்பக்கத்து வயலில் இருந்து ஓடி வந்தவர்களின் உதவியோடு காலை அசையாமல் பின்னிருக்கையில் நீட்டி வைத்தோம். என் மனைவி காயத்தை அழுத்திய கையை மருத்துவமனை வரும்வரை எடுக்கவில்லை. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருந்தால் இவ்வாறு காரில் ஏற்றுவது தவறு. ஆம்புலன்ஸுக்காகக் காத்திருப்பதே முறை.

நான் அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. மருத்துவமனையில் அவரை ஒப்படைத்தோம். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். அரை மணியில் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டோம். காயத்துக்குப் பதினொரு தையல். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், சிறிது நொண்டிக்கொண்டே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

என் அச்சத்துக்குச் சட்டத்திலும் இடமில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு, விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது வழக்குத் தொடுக்க இயலாதபடி காக்கிறது. தம் பெயரைச் சொல்லுமாறோ சாட்சியாக நிற்குமாறோ அவரை வற்புறுத்தக் கூடாது என்பதும் விதி. நம் மாநிலத்தில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கார் வைத்திருப்போர் ஒவ்வொருவரும் இவ்விரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

அச்சட்டப் பிரிவு, உதவுபவரை எப்பெயரால் குறிக்கிறது தெரியுமா? 'நல்ல சமாரியர்' என்று! ஆண்டவர் சொன்ன உவமை இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. வாரந்தோறும் நற்செய்தி கேட்கிற நான், திருத்தலத்திலிருந்து திரும்பும் வழியில் மூன்றாவது ஆளாய் விலகிச் செல்லப் பார்த்தேன். அந்தச் சமாரியரிடமும் ஒரு வாகனம் இருந்தது. காயமுற்றவரை அதன்மேல் ஏற்றிவிட்டு, மீதி வழியை அவர் நடந்தே போயிருக்க வேண்டும். அதில் இரத்தக்கறை படியுமே என்று அவர் எண்ணியதாக உவமையில் இல்லை.

இருக்கை உறையை என் மனைவி மூன்று முறை துவைத்தாள். மங்கலாக ஒரு கறை இன்னும் இருக்கிறது. ஆண்டு நிறைவில் உறையை மாற்றிவிடலாம் என்றேன். "அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்று சொல்லிவிட்டார் தாயார்.

கார் வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். வீட்டில் நடக்க முடியாத முதியவரோ அடிக்கடி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவரோ இருந்து, கடன் கழுத்தை நெரிக்காது என்றால் வாங்குங்கள், சிறியதாகவே வாங்குங்கள். எதிர்வீட்டுக்கு வந்துவிட்டது என்பதற்காக வாங்காதீர்கள். வாங்கிய பின், நடந்து போகக்கூடிய இடத்துக்கு நடந்தே போங்கள். பின்னிருக்கையில் இருப்போரும் பெல்ட் போட்டுக்கொள்ளட்டும். முதலுதவிப் பெட்டி ஒன்றும், சுத்தமான துண்டு இரண்டும், டார்ச் விளக்கு ஒன்றும் காரில் எப்போதும் இருக்கட்டும்.

இனிச் சம்பா நெல் சாலைக்கு வருகின்ற காலம். இரவில் மெதுவாகச் செல்லுங்கள். நெல் காயவைக்கும் நம் உழவர் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாலையில் கற்களை எடுத்துவிட்டு, மணல் மூட்டைகளால் படுதாவை அழுத்தி, அருகில் ஒரு விளக்கை வையுங்கள். ஒரு வீட்டுப் பிள்ளை பத்திரமாக ஊர் போய்ச் சேரட்டும்.